கரையில் நின்றவன் – 14: எதிர்ப்பக்க ரயில்

போன வாரம் இவர்களைப் பெர்லினில், பாய்சல் தெரு விடுதியில், இஸ்திரிப் பெட்டியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். கேட்டல் ப்ரோடர்சன் தன் கப்பல் காலத்து நீலக் கோட்டுக்குத் தானே மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மகள் இங்கன் படுக்கையில் உட்கார்ந்து, தம்பியின் கடிதத்தை இருபதாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருஷமாக அப்பாவோடு பேசாத ஹார்க், தன் கல்யாணத்துக்கு அவரை வரச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை பதினொரு மணி, பதிவு அலுவலகம். "ஒரு ஜோடிக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். கதவு சாத்தினால் சாத்தினதுதான்." கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தான்.

அந்தக் கோடு யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷம் தீவுக்கும் கரைக்கும் நடுவே பயணிகள் கப்பல் ஓட்டியவர் கேட்டல். ஒரு நிமிஷம் முன்னால் எடுத்ததும் கிடையாது, யாருக்காகவும் ஒரு நிமிஷம் நின்றதும் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மூடுபனிக் காலையில், துறையில் ஓடி வந்த சொந்த மகனை விட்டுவிட்டுக் கப்பலை எடுத்தார். அடுத்த கப்பலுக்கு ஆறு மணி நேரம். அதற்குள் அக்கரையில், ஹூசும் ஊர் ஆஸ்பத்திரியில் அவன் அம்மா வீப்கே கண்ணை மூடிவிட்டாள்.

அப்பா வேண்டுமென்று செய்யவில்லை, மூடுபனியில் தெரியவில்லை என்று தம்பியை வருஷக்கணக்கில் கரைத்தவள் இங்கன். அந்தக் கடிதம் வந்ததே அதனால்தான்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

பாய்சல் தெரு நிலையத்தில் ஒரே நடைமேடை, இரண்டு பக்கமும் தண்டவாளம். ஊரை வளைத்து ஓடும் ரயில் ஒரு பக்கம் கடிகாரச் சுற்றில் போகும், மறுபக்கம் எதிர்ச்சுற்றில். போகுமிடம் என்று பலகையில் ஊர்ப்பெயர் போடமாட்டார்கள். 'வளையம்' என்று எழுதி ஒரு வளைந்த அம்பு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஏறத் தெரிந்தவனுக்கு அது போதும்.

கேட்டல் பயணச்சீட்டைச் சிவப்புப் பெட்டிக்குள் விட்டு முத்திரை குத்தினார். குத்திய நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார்.

"ஒரு நிமிஷம் பின்னாடி ஓடுது."

"பெட்டிதானேப்பா. அதுவா கப்பல் ஓட்டப் போகுது?" இங்கன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரென்ஸ்லாவர் அலே, அஞ்சு நிறுத்தம். பன்னிரண்டு நிமிஷம். இருங்க, எந்தப் பக்கம்னு பார்க்கிறேன்."

அந்த நேரம் பார்த்து இரண்டு பக்கமும் ரயில் வந்து நின்றது. இடது பக்க ரயிலின் கதவு மேலே சிவப்பு விளக்கு மினுக்கியது, பீப் என்றது. புறப்படப் போகிற வண்டியைக் கண்டுவிட்டு வெளியே நிற்கிற உடம்பு கேட்டலுடையது அல்ல. கரையில் நிற்பவனைக் கண்டாலே அவருக்கு எரிச்சல் வரும், அப்புறம் தானே எப்படி நிற்பார்? ஒரே எட்டில் ஏறிவிட்டார்.

"அப்பா!"

இங்கன் கைப்பையை முன்னால் வீசி, அதன் பின்னாலேயே குதித்தாள். கதவு அவள் கோட்டின் நுனியை உரசிக்கொண்டு மூடியது. மணி பத்து எட்டு.

எதிர் இருக்கையில் ஒரு பெண் நாயை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். தலைமுடி பச்சை.

"எங்கே போகணும் ரெண்டு பேருக்கும்?"

"பிரென்ஸ்லாவர் அலே," என்றாள் இங்கன்.

"ஐயோ கண்ணு! அது அந்தப் பக்க ரயில்ல அஞ்சு நிறுத்தம். இதுல போனா ஊரையே சுத்திட்டுத்தான் வருவீங்க. ஊர் பார்க்கக் கிளம்பினீங்களா?"

"கல்யாணத்துக்கு."

"உன் கல்யாணமா?"

"தம்பிக்கு."

"அப்போ பொறுப்பாங்க. உன் கல்யாணம்னா மாப்பிள்ளை ஓடியே போயிருப்பான்," என்று சொல்லி நாயின் காதைச் சொறிந்தாள். இந்த ஊர் வாய் அப்படி. கெட்ட எண்ணம் இருக்காது, அடக்கமும் இருக்காது.

இங்கன் கைபேசியில் கணக்குப் போட்டாள். முகம் வெளுத்தது. "அப்பா, அடுத்த நிறுத்தத்துல இறங்கி எதிர் ரயில் பிடிப்போம். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்திடலாம். இதுலயே உட்கார்ந்திருந்தா பத்து ஐம்பத்தாறு ஆயிடும். அங்கேயிருந்து டிராம் வேற ரெண்டு நிறுத்தம்."

"வளையம்தானே?"

"வளையம்தான்."

"அப்போ எந்தப் பக்கம் போனாலும் வந்து சேரும். உட்காரு."

"நேரத்துக்குச் சேருமா?"

"கடல்ல கப்பல் போற வாய்க்கால்ல பாதி வந்துட்டுத் திருப்பக் கூடாது. திருப்பினவன்தான் மணல்ல தட்டுவான்."

"இது கப்பலா? தட்டுறதுக்கு இங்கே மணல் எங்கேப்பா இருக்கு?"

கேட்டல் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். யுங்ஃபெர்ன்ஹைடெ வந்தது, போனது. வெஸ்டெண்ட் வந்தது, போனது. நிலையம் ஒவ்வொன்றும் தம்பியின் வாசலிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டு போவதை இங்கன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வெஸ்ட்கிராய்ஸில் அவள் எழுந்தாள். "இறங்குங்கப்பா. இங்கே திரும்பினாலும் பத்தே முக்காலுக்குள்ள போயிடலாம்."

"உட்காருன்னு சொன்னேன்."

அவள் இறங்கியே விட்டாள். நடைமேடையில் நின்று கையை நீட்டினாள். அவர் வரவில்லை. நீலக் கோட்டின் பொத்தான்கள் எல்லாம் பூட்டி, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, நட்டுவைத்த கம்பம் போல உட்கார்ந்திருந்தார். கைபேசி கிடையாது. தங்கியிருக்கிற விடுதியின் பெயர்கூடத் தெரியாது. இவரைத் தனியாக விட்டால் சாயங்காலம் வரை வளையத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கதவு பீப் என்றது. இங்கன் திரும்பவும் உள்ளே குதித்தாள்.

பச்சை முடிக்காரி அவர்களுடைய பயணச்சீட்டின் மூலையில் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தச் சீட்டு ஒரு திசைக்குத்தான் செல்லும். சுற்றி வர அனுமதி இல்லைன்னு பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கான். பரிசோதகர் வந்தா தூங்குற மாதிரி நடிங்க." அவளும் நாயும் ஹாலென்ஸேயில் இறங்கிக்கொண்டார்கள்.

ஹார்க் கூப்பிட்டான். இங்கன் எடுப்பதற்கு முன் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டாள்.

"எங்கேக்கா இருக்கீங்க? பொண்ணு மல்வீனா வீட்டு ஆளுங்க எல்லாம் வந்தாச்சு."

"ரயில் மாறி ஏறிட்டோம்டா. எதிர்ச்சுற்று. பத்து ஐம்பத்தாறுக்கு அங்கே இருப்போம்."

"ஐம்பத்தாறா?" அவன் குரல் இறங்கியது. "பதிவாளர் அம்மா அஞ்சு நிமிஷம் பொறுப்பாங்களாம், அதுக்கு மேல இல்லையாம். அடுத்த ஜோடி இப்பவே வராண்டாவுல நிக்குது. அப்பாகிட்ட சொல்லு. கதவு சாத்துறது எப்படி இருக்கும்னு அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை."

வைத்துவிட்டான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டார் கேட்டல்.

"உங்க காதுல விழுந்ததே, அதேதான் சொன்னான்." இங்கனுக்குக் கோபம் வந்தது. "நீங்க வேணும்னேதான் சுத்துறீங்க. வாய்க்காலாம், மணலாம்! லேட்டாப் போனா உள்ளே போக வேண்டியதில்ல, அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல. பயம்ப்பா உங்களுக்கு. புயல் காத்துலயும் கப்பல் எடுத்த மனுஷனுக்கு, சொந்தப் பிள்ளையைப் பார்க்கப் பயம்."

பெட்டியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் கைபேசிக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

"ஆமா," என்றார் கேட்டல்.

அப்பா இவ்வளவு சுலபமாக ஒன்றை ஒத்துக்கொண்டு இங்கன் கேட்டதே இல்லை. அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எதுக்குப் பயம்? அதான் நான் எல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே. மூடுபனி, உங்களுக்குத் தெரியலைன்னு. அவனும் நம்பிட்டான்."

ரயில் ஸூட்கிராய்ஸில் நின்றது. நிறையப் பேர் இறங்கினார்கள், நிறையப் பேர் ஏறினார்கள். கதவு மூடும்வரை கேட்டல் காத்திருந்தார்.

"தெரிஞ்சுது இங்கன்."

"என்ன தெரிஞ்சுது?"

"அவன் ஓடி வந்தது. சிவப்பு ஜாக்கெட். துறைக்கு இறங்குற படிக்கட்டுலயே பார்த்துட்டேன். நூறு மீட்டர் இருக்கும். ஒரு நிமிஷம் நின்னிருந்தா ஏறியிருப்பான்."

இங்கன் அவர் பக்கம் திரும்பினாள்.

"கடல் வத்தி வாய்க்கால்ல தண்ணி இறங்கிடும்னு..." என்று ஆரம்பித்தாள்.

"கப்பல் தட்டாம போக இன்னும் இருபது நிமிஷத்துக்குத் தண்ணி இருந்துது." அவர் தன் கைகளைப் பார்த்துப் பேசினார். "முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில சண்டை. 'உங்க கடிகாரத்தையே கட்டிக்கிட்டு அழுங்க'ன்னான். சரிடா, கடிகாரம்னா என்னன்னு காட்டுறேன்னு நினைச்சேன். அடுத்த கப்பல்ல வரட்டும், புத்தி வரும்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில இருந்து அவனுக்குப் போன் வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. ஆனா அவனைத் தெரிஞ்சுது."

டெம்பல்ஹோஃப் திடல் ஜன்னலில் விரிந்து கிடந்தது. யாரோ பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கனுக்கு அழுகை வந்தது, அப்பாவை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. சவ அடக்கத்தன்று ஹார்க் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா என்னைப் பார்த்தாரா அக்கா?" என்று கேட்டான். "இல்லடா, அப்பாவே சொன்னார்," என்று அவள் சொன்னாள். அப்பா சொல்லவில்லை. அவள் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்தில் ஒன்பது வருஷம் கேட்காமலே இருந்தாள். பெர்லினுக்கு வரச் சொன்ன கடிதம் முழுக்க அந்த ஒரு பொய்யின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"இதை அவன்கிட்ட சொல்லத்தான் வந்தீங்களா?"

"அதுவும். இன்னொண்ணும் இருக்கு. நான் போய்ச் சேர்ந்தப்போ உங்கம்மாவுக்கு நினைவு இருந்துது. அவனுக்குன்னு ஒண்ணு சொல்லிட்டுப் போனா."

"அம்மாவா? என்ன சொன்னாங்க?"

"அது அவனுக்குச் சொன்னது. உனக்கில்ல."

"அப்பா, கேளுங்க." இங்கன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் முடியட்டும். கையெழுத்துப் போட்டு, கேக் வெட்டி, நாளைக்குக் காலையில சொல்லுங்க. இன்னைக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இருங்க. அந்தப் பொண்ணை நினைச்சுப் பாருங்க, மல்வீனாவை. ஒரு நாள்தானே கேட்கிறேன்."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்ல. சத்தியம் பண்ணுங்க."

அவர் பண்ணவில்லை.

ட்ரெப்டவர் பூங்கா தாண்டியதும் ரயில் ஸ்ப்ரே ஆற்றின் மேல் ஏறியது. கீழே ஒரு சுற்றுலாப் படகு கட்டை அவிழ்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தது. கேட்டல் தலையைத் திருப்பி, படகு கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தார்.

ஓஸ்ட்கிராய்ஸில் கதவு மூடவில்லை. ஒரு இளம்பெண் காலைக் குறுக்கே வைத்து நின்றுகொண்டு, படிக்கட்டைப் பார்த்து, "வா வா வா!" என்று கத்தினாள். அங்கே வயதான ஒருத்தி கைத்தடியோடு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் ஓட்டுநரின் குரல் வந்தது. "மூணாவது பெட்டிக் கதவுல நிக்கிற ராஜகுமாரி, காலை எடுத்தீங்கன்னா எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம்."

சிலர் சிரித்தார்கள். ஒருவன் திட்டினான். அந்தப் பெண் அசையவில்லை. இங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தைந்து. முடியும், இன்னும் முடியும். கிழவி ஏறினாள், எல்லோரையும் பார்த்து நன்றி என்றாள். கதவு மூடியது.

கேட்டலும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது நொடி," என்றார். பிறகு, "ஒண்ணும் ஆகலை," என்றார். கடிகாரத்தைக் கோட்டுக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

இங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஃப்ராங்க்ஃபுர்ட்டர் அலே. ஷ்டோர்கோவர் தெரு. லாண்ட்ஸ்பெர்கர் அலே. க்ரைஃப்ஸ்வால்டர். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடும் நேரம் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது. எழுந்து வாசலில் நின்றுகொண்டாள். அப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார். கோட்டுக் காலரை அவளே சரிசெய்தாள். கோபம் கோபம்தான், காலர் காலர்தான்.

பிரென்ஸ்லாவர் அலே. பத்து ஐம்பத்தேழு.

பள்ளத்தில் இருக்கிற நிலையம் அது. தெருவுக்கு ஏறப் படிக்கட்டு. கேட்டலின் வலது முழங்கால் இரண்டு வருஷமாக மாடி ஏற மறுக்கிற முழங்கால். கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினார். இங்கன் முன்னால் ஓடி மேலே நின்று பார்த்தாள்.

சாலைக்கு நடுவில் டிராம் நிறுத்தம். மஞ்சள் டிராம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் பின்கதவில் கருநீலக் கோட்டும், மார்பில் வெள்ளைப் பூவுமாக ஒருவன், ஒரு காலை வாசலில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

ஹார்க். பதிவு அலுவலகத்திலிருந்து அவர்களைக் கூட்டிப்போக அவனே வந்திருந்தான்.

"மாப்பிள்ளை சார்," என்று டிராம் ஓட்டுநர் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள், "காலை எடுக்கிறீங்களா, இல்ல காலை மட்டும் கூட்டிட்டுப் போகவா?"

"ஒரே நிமிஷம்! எங்கப்பா வர்றார்!"

"எல்லாருக்கும்தான் அப்பா இருக்கார்!" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்தினான். "எனக்குப் பல் டாக்டர் காத்துட்டிருக்கார்!"

கேட்டல் மேலே வந்தார். பார்த்தார். கதவில் ஊன்றிய அந்தக் காலைப் பார்த்தார். நடுவே பாதி சாலை, பாதசாரிகளுக்குச் சிவப்பு விளக்கு. அறுபத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு முறைகூடச் சிவப்பில் சாலையைக் கடந்ததில்லை.

ஓடினார்.

ஒரு கார் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. கோட்டின் இரண்டு பக்கமும் பறக்க, முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, கேட்டல் ப்ரோடர்சன் ஓடினார். பின்னாலேயே இங்கன். துறையில் அன்றைக்கு ஹார்க் இப்படித்தான் ஓடியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

ஹார்க் குனிந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். இங்கன் ஏறினாள். அவன் காலை எடுத்தான், கதவு மூடியது, டிராம் நகர்ந்தது.

"நன்றி, மகாராஜா," என்றது ஒலிபெருக்கி.

கேட்டலுக்கு மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் ஹார்க்கின் காதோரம் நரைத்திருந்தது. மூக்கு அப்படியே வீப்கே.

ஹார்க் முழங்கையை விடவில்லை. சொல்ல நினைத்ததை நிறைய நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. மூச்சுவிடாமல் சொன்னான். "அன்னைக்கு மூடுபனி, உங்களுக்கு என்னைத் தெரியலை. இன்னைக்கு வெளிச்சமா இருக்கு, எனக்கு உங்களைத் தெரிஞ்சுது, நிறுத்திட்டேன். இதோட விட்டுடுவோம்ப்பா. சரியா?"

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து இங்கன் தலையை ஆட்டினாள். வேண்டாம் அப்பா, வேண்டாம். கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. 'சரி' என்று தலையசைத்தால் போதும். கல்யாணம் நடக்கும், கேக் வெட்டுவார்கள், மகன் இனி பேசுவான்.

கேட்டல் அவளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"தெரிஞ்சுது, ஹார்க்," என்றார். "படிக்கட்டுலயே தெரிஞ்சுது. சிவப்பு ஜாக்கெட். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

டிராமில் பல் டாக்டர் ஆள்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

ஹார்க் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தான். "அப்பாவே சொன்னார்னு நீதானே சொன்னே?"

இங்கன் தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி பத்து ஐம்பத்தொன்பது. அவர்கள் இறங்க வேண்டியது இரண்டாவது நிறுத்தத்தில். முதல் நிறுத்தம் ஜன்னலில் தெரிய ஆரம்பித்தது. ஹார்க் அப்பாவின் முழங்கையிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை நீட்டி, கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினான்.